குருவிக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பரிசல்

மேட்டூரில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கல்யாணம் ஆன பெண்கள் எல்லாரும் அவரவர் கல்யாண ஆல்பத்தில் கொஞ்சம் கூடுதல் அழகாகவே இருப்பார்கள். அதற்கு மஞ்சளும் காரணமில்லை, மாப்பிள்ளையும் காரணமில்லை. காரணம் பஷீரா. நிலா ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னலோரம் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்து, அம்மைத் தழும்பையும் பருவையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தையும் நெகடிவிலேயே மறைத்தவள் அவள். படத்தை வாங்க வந்த தாய்மார்கள், "எங்க புள்ளை இத்தனை லட்சணமாங்க!" என்று மூக்கின் மேல் விரலை வைக்கும்போது, அடுத்த கடையில் தையல் மிஷினை மிதித்தபடி நான் சிரித்துக்கொள்வேன்.

என் பெயர் சாரதாமணி. ஜாக்கெட் தைப்பது என் தொழில். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர், அதுவும் அரைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பஷீராவைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தச் சுவரின் மேலே தெரிந்ததுதான். மீதியை அவளே சொல்லியிருக்கிறாள், சொல்லாததை நானே வாயைக் கிளறி வாங்கியிருக்கிறேன்.

அவள் பிறந்தது சேலம் கோட்டையில். அப்பாவுக்கு அத்தர் கடை. சின்ன வயதில் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்கு மருதாணி போட அவளைத்தான் கூப்பிடுவார்களாம். கை நடுங்காது. நிலா ஸ்டுடியோ வைத்திருந்த ஜான் பாஷாவைக் கட்டிக்கொண்டு மேட்டூர் வந்த பிறகு, அந்த நடுங்காத கையைப் பார்த்த அவர் ஒரு பென்சிலைக் கொடுத்து நெகடிவின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த ஜன்னலோரம்தான் அவள் இடம். காலை வெளிச்சம் வந்ததும் உட்காருவாள். தொழுகைக்கு எழுந்திருப்பாள், சோறாக்க எழுந்திருப்பாள், திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வாள். பெண்ணைச் சேலத்தில் கட்டிக்கொடுத்த பிறகு சோறாக்கும் வேலையும் பாதியாகிவிட்டது.

டச்சிங் என்று சொல்லும் அவள் வேலையை நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன், செய்ய அல்ல, பேச. நெகடிவில் எல்லாம் மாறித் தெரியும். வெளிச்சம் கறுப்பாக இருக்கும், இருட்டு தெளிந்த கண்ணாடி மாதிரி இருக்கும். தெளிந்த இடத்தில் சிவப்பு மையைத் தடவினால், படத்தில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். கறுத்த இடத்தைக் கத்தி முனையால் சுரண்டினால், படத்தில் அது இருண்டுவிடும். மை தடவியதைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிடலாம். கத்தி போட்டது போட்டதுதான்.

இந்த வேலையை வைத்து அவர்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருக்கலாம். ஆனால் ஜான் பாஷாவுக்குக் குருவிப் பைத்தியம் பிடித்திருந்தது.

தை பிறந்து டேமில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால், பண்ணவாடிப் பக்கம் கரையோரச் சேறு வெளியே வரும். அந்தச் சேற்றில் உள்ளான் குருவிகள் வந்து இறங்கும். சாம்பலும் பழுப்புமாக, கோழிக்குஞ்சு அளவில், குச்சிக் கால்களோடு, ஆயிரக்கணக்கில். எங்கோ பனி கொட்டும் தேசத்திலிருந்து வருகின்றன என்று ஜான் பாஷா சொல்வார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம்மூர்ச் சேற்றைக் கிளறுகிறதே, அதற்கு வேறு வேலையே இல்லையா என்று நான் கேட்பேன். மனிதர் சிரித்துக்கொண்டே கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மாசியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுச் சேற்றில் புரளப் போகிற ஆளை என்னவென்று சொல்வது? நான் தலையில் அடித்துக்கொள்வேன். பஷீரா அடித்துக்கொள்ள மாட்டாள். அவர் வந்தால் சேற்றுக் காலைக் கழுவ ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்திருப்பாள்.

முதல் வருடம் அவர் எடுத்து வந்த குருவிப் படத்தில் அவளே ஒரு கூத்துப் பண்ணினாள். வானத்தில் தூரத்தில் பறந்த குருவிகள் நெகடிவில் ஊசிமுனைப் புள்ளிகளாக இருந்தன. மணப்பெண் முகத்தில் தூசிப் புள்ளிகளை அடைத்துப் பழகிய கை அல்லவா? ஒரு புள்ளி விடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி அடைத்துவிட்டாள். பாதிக் குருவிக் கூட்டம் காணாமல் போயிற்று. ஜான் பாஷா அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவளும் சாப்பிடவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவரிடம் இருந்தது ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் இரட்டைக் கண் கேமரா. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் கண்ணாடி அதற்குக் கிடையாது. குருவிதான் பக்கத்தில் வர வேண்டும். ஆளைக் கண்டால் எந்தக் குருவி பக்கத்தில் வரும்? இந்த இடத்தில்தான் அங்கமுத்து வருகிறார்.

அங்கமுத்து டேமில் மீன் பிடிப்பவர். பண்ணவாடிக் கரையில் குடிசை. மனைவி பெயர் குஞ்சம்மாள். அங்கமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் வெள்ளை உருமால் கட்டியிருப்பார். எடை போடும்போது ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டாலும் போடுவார், குறைத்துப் போட மாட்டார் என்று கரையில் அவருக்குப் பெயர். ஜான் பாஷா மேட்டில் ஒரு முள்செடிக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அங்கமுத்து பரிசலை எடுத்துக்கொண்டு பெரிய சுற்றாகச் சுற்றி, குருவிகளுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். சத்தம் போட மாட்டார். துடுப்பை மெல்லப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவார். குருவிகள் முதலில் நடந்து விலகும். பிறகு ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்து எழும்பி, அவருக்கு முதுகைக் காட்டி, நேராக ஜான் பாஷாவின் முகத்துக்கு எதிரே பறந்து வரும். அதுதான் படம்.

இதில் ஒரு சங்கடம் இருப்பது யாருக்கும் புரியும். குருவிகள் கேமராவைப் பார்த்து வர வேண்டுமென்றால், விரட்டுகிற ஆள் அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் படத்தில் விழுவார். ஆக நல்ல படம் எது வந்தாலும், குருவிக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பரிசலும், பரிசலில் அங்கமுத்துவும் இருந்தார்கள்.

எண்பத்திரண்டாம் வருடம் மாசியில் எடுத்த ஒரு படம் அமைந்துபோயிற்று. நாமக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருந்த செங்கோட்டையன் என்பவர், தங்கை கல்யாணப் படம் வாங்க வந்தபோது மேஜையில் கிடந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதை அடுத்த வருடக் காலண்டருக்குக் கேட்டார். ஜான் பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா குருவி மட்டும் இருக்கட்டுமுங்க பாய்," என்றார் செங்கோட்டையன். "பின்னால பரிசலும் ஆளும் நின்னா, மீன் யாவாரக் காலண்டராட்டம் ஆயிருமுங்க. நம்முளுது லாரி ஆபீசுங்க."

நெகடிவ் பஷீராவின் மேஜைக்கு வந்தது. அவள் வழக்கம்போல வேலையைப் பார்த்தாள். பரிசலும் அங்கமுத்துவின் கறுத்த உடம்பும் வெளிச்சமான தண்ணீருக்கு எதிரே இருந்தன. அதனால் சிவப்பு மை தடவி மறைத்தாள். தலை மட்டும் தூரத்து மலைக்கு எதிரே, இருட்டுக்கு நடுவே வெள்ளை உருமாலோடு தெரிந்தது. அதைக் கத்தியால் சுரண்டினாள். உருமாலோடு முகமும் போயிற்று. மணவறைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் சமையல்காரரை அழிப்பது போலத்தான் அழித்தாள். அங்கமுத்துவை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

மார்கழியில் காலண்டர் வந்தது. நீல மையில் அழகாகத்தான் அச்சடித்திருந்தார்கள். குருவிகள் அலையலையாகப் பறந்தன. பின்னால் வெறும் தண்ணீர், மேலே லாரி ஆபீசின் பெயர். ஜான் பாஷா ஆளுக்கொன்று கொடுத்தார். பண்ணவாடி டீக்கடைக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார். அங்கேதான் வினை வந்தது.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள், ஸ்டுடியோ வாசலில் ஓர் அம்மாள் சுருட்டிய காலண்டரோடு வந்து நின்றார். ஜான் பாஷா வெளியே போயிருந்தார். அந்த அம்மாள் பஸ் ஏறி வந்த வேகத்திலேயே பேசினார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க, பாயம்மா நீங்கதானுங்களா? நான் அங்கமுத்து பொண்டாட்டி குஞ்சம்மா. எங்க ஊட்டுக்காரரு இந்தப் படத்துல இருக்கறாருன்னு ஒரு வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டுக் கெடந்தாருங்க. காலண்டரு வந்துது. எல்லாரும் தேடறாங்க, ஆளைக் காணோம். 'இங்கதான் இருந்தேன், இங்கதான் இருந்தேன்'னு வெறுந்தண்ணியத் தொட்டுத் தொட்டுக் காட்றாருங்க. பொடிசுங்க கூடச் சிரிக்குது."

பஷீரா எழுந்து நின்றுவிட்டாள்.

"பேரே காலண்டருன்னு வெச்சுப்போட்டாங்க. நேத்து மீன் எடுக்க வந்த யாவாரி ஒருத்தன், 'காலண்டரு சொல்ற எடைய நம்பலாமா'ன்னு கேட்டானுங்க. அதைக் கேட்டுட்டு வந்து படுத்தவருதான். டீக்கடைப் பக்கமே போறதில்லை. அவரு பொய் சொல்ல மாட்டாருங்க பாயம்மா. நெசமாலுமே அவரு அங்க இருந்தாருங்களா, இல்லைங்களா?"

"இருந்தாரு," என்றாள் பஷீரா. "நான்தான் அழிச்சேன்."

குஞ்சம்மாளுக்கு அது விளங்கவில்லை. பஷீரா அவரை உள்ளே கூப்பிட்டு, நெகடிவை மேஜைக் கண்ணாடியில் வெளிச்சம் படும்படி வைத்துக் காட்டினாள். சிவப்பாகத் திட்டாக இருந்த இடத்தைத் தொட்டு, "இதுக்கு அடியில இருக்காரு. கழுவினா வந்துருவாரு. உட்காருங்க," என்றாள். எனக்கும் பொறுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

தட்டில் தண்ணீர் ஊற்றி நெகடிவை இறக்கிப் பஞ்சால் மெல்லத் தடவினாள். சிவப்பு கரைந்து ஓடியது. பரிசல் வந்தது. துடுப்பு வந்தது. துடுப்பைப் பிடித்த கை வந்தது, தோள் வந்தது. குஞ்சம்மாள், "அய்யோ, அவருதானுங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் ஜான் பாஷாவும் வந்துவிட, அவரே இருட்டறைக்குள் போய்ப் படம் போட்டு ஈரத்தோடு கொண்டு வந்தார். வந்தவர் முகம் சரியாக இல்லை.

படத்தில் அங்கமுத்துவுக்குத் தலை இல்லை.

கழுத்து வரைக்கும் மனிதர் இருந்தார். அதற்கு மேலே மலையின் இருட்டு. தலையைக் கத்தியால் சுரண்டியதை பஷீரா மறந்தே போயிருந்தாள். உயிரோடு இருக்கும் மனிதரைத் தலையில்லாமல் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? குஞ்சம்மாள் அந்தப் படத்தைக் கையால் வாங்கவே இல்லை.

ஜான் பாஷா சமாதானம் சொன்னார். "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. நாளைக்கு அவரை இங்க வரச் சொல்லுங்க. உருமாலோட தனியா ஒரு படம் எடுத்து, தலையை மட்டும் இதுல ஒட்டிருவோம். ஒட்டினது யாருக்கும் தெரியாது."

மறுநாள் அங்கமுத்துவே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, கோபமே இல்லாமல் பேசினார். கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"பாய், உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. நீங்க தொழிலைப் பாத்தீங்க. ஆனா தலையை ஒட்டறது வேண்டாமுங்க. நான் அங்க இருந்தேன்னுதான் சொன்னேன். இப்ப ஒட்டிக் காட்டினா, ஒட்டினதுன்னு நாளைக்கு ஒருத்தன் கண்டுபுடிப்பான். நான் சொன்னதும் பொய்யின்னு ஆயிருமுங்க. நான் வாரேன்."

அவ்வளவுதான், போய்விட்டார். பஷீரா பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அன்றுதான் அந்த ஆளின் முகத்தை நேரில் பார்த்தாள். அன்று முழுக்க அவள் மேஜையில் உட்காரவில்லை. "சாரதா, ஒரு பொட்டு வெள்ளைன்னு நினைச்சுச் சுரண்டினேன். அது ஒரு ஆளோட பேச்சு," என்றாள் என்னிடம். அவளுக்காக மனசு வலித்தது, அந்த மனிதருக்காகவும் வலித்தது.

தை போயிற்று. அங்கமுத்து வராததால் ஜான் பாஷா தனியாகவே குருவிப் படம் எடுக்கப் போனார். தானே சேற்றில் ஊர்ந்து பார்த்தார். இன்னொரு பரிசல்காரரைக் கூட்டிப் பார்த்தார். அந்த ஆள் ஓவென்று கத்திக்கொண்டே துடுப்பை அடித்தாராம். குருவிகள் நாலாப்பக்கமும் சிதறின. மூன்று ரோல் பிலிமைக் கழுவிப் பார்த்தால், எல்லாம் குருவியின் பின்பக்கம். ஒன்றுகூட முகத்தைக் காட்டவில்லை. "உங்களுக்கு இது வேணும்," என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

பஷீரா படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் போய் அங்கமுத்துகிட்டக் கேக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க நாமக்கல் போய்ட்டு வாங்க. இந்தத் தடவை ஆளோடதான் படம். வேணும்னா எடுத்துக்கட்டும், வேணாம்னா விட்டுரட்டும்."

ஜான் பாஷா கையைப் பிசைந்தார். காலண்டர் ஆர்டர் போய்விட்டால் அந்த மாதிரி இன்னொன்று எப்போது வரும்? ஆனாலும் போனார். செங்கோட்டையனிடம் நடந்ததை முழுக்கச் சொன்னாராம். கேட்டுவிட்டு அந்த மனிதர் சிரித்திருக்கிறார். அவரும் முதலில் லாரி ஓட்டியவர்தான். "பரிசல் ஓட்றவரும் நம்ம டிரைவர் சாதிதானுங்களே பாய். இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லி அனுப்பினார்.

பண்ணவாடிக்கு பஷீராவோடு நானும் போனேன். அவள் தனியாகப் போகக் கூச்சப்பட்டாள், எனக்கோ என்ன நடக்கிறதென்று பார்க்க ஆசை. குடிசைக்கு முன்னால் அங்கமுத்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். குஞ்சம்மாள் பாயைக் கொண்டுவந்து போட்டார்.

பஷீரா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, தப்பு என்னோடது. திரும்ப வாங்க. இந்தத் தடவை உங்க மேல ஒரு சொட்டு மை வைக்க மாட்டேன்," என்றாள்.

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு கேட்டார்.

"பாயம்மா, குருவி எந்திரிக்கறதை நீங்க பாத்திருக்கறீங்களா?"

"நெகடிவ்ல பாத்திருக்கேன்."

"அதுல எப்படிங்க தெரியும்?"

"கிட்ட வர்றது கறுப்பாத் தெரியும். ஒவ்வொண்ணும் கறுப்புப் புள்ளி."

அங்கமுத்து குஞ்சம்மாளைப் பார்த்தார். "பாரு புள்ளே, இத்தனை வருசமா இவிங்க கறுப்புக் குருவியத்தான் பாத்திருக்கறாங்க," என்றார். இரக்கப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு பஷீராவிடம், "நான் வாரேனுங்க. ஆனா நீங்களும் பரிசல்ல வரோணும். கூட எம் பொண்டாட்டி வருவா, பயப்படாதீங்க. ஒருக்கா கண்ணுல பாத்துட்டீங்கன்னா அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை," என்றார்.

பஷீராவுக்கு நீச்சல் தெரியாது. டேமின் மதகுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டாள். நான் வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பாமல், "வரேன்," என்றுவிட்டாள்.

அந்த மாசியிலேயே ஒரு காலையில் அது நடந்தது. ஜான் பாஷா மேட்டு முள்செடிக்குப் பின்னால் சாக்குக்குள் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, அசையக்கூடாது, தும்மக்கூடாது, குறிப்பாகப் பேசக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். தூரத்தில் பரிசல் சுற்றிப் போனது. வெள்ளை உருமால் ஒன்று, குஞ்சம்மாளின் சிவப்புச் சேலை ஒன்று, நடுவே தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்தி, பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஷீரா. அவளுடைய பயம் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

சேறு முழுக்கக் குருவி. உற்றுப் பார்க்கும்வரை அது குருவி என்றே நான் நம்பவில்லை, சேறுதான் நகர்கிறது என்று நினைத்தேன். பரிசல் நெருங்கியது. அங்கமுத்து துடுப்பை மடியில் வைத்துவிட்டார். பரிசல் தானாகவே மிதந்து வந்தது. அவர் பஷீராவின் பக்கம் திரும்பி, கையை நீட்டி ஏதோ சொன்னார்.

அப்போது எழும்பியது. ஈர வேட்டியை உதறியது போல ஒரு சத்தம். பழுப்பாக இருந்த கூட்டம் திரும்பும்போது மொத்தமும் வெள்ளையாகி, மறுபடி பழுப்பாகி, எங்கள் தலைக்கு நேரே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் அந்த மனிதரைப் பைத்தியம் என்று திட்டியதை உள்ளுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன், வெளியில் சொல்லவில்லை. ஜான் பாஷாவின் கேமரா கிளிக் என்றது.

பரிசல் கரைக்கு வந்தது. குஞ்சம்மாள் பஷீராவின் கையைப் பிடித்து இறக்கினார். "வெள்ளையா இருக்கு சாரதா," என்றாள் என்னிடம். "வயிறு முழுக்க வெள்ளை." கண்ணில் தண்ணீர் நின்றது.

பிலிமைக் கழுவியபோது ஜான் பாஷா உள்ளிருந்தே கூப்பாடு போட்டார். அதுவரை அவர் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. முன்னால் குருவிகள், ஒவ்வொன்றின் கண் கூடத் தெரிந்தது. பின்னால் பரிசல். அங்கமுத்துவின் முகம் பக்கவாட்டில் பளிச்சென்று இருந்தது, கை நீண்டிருந்தது. அந்தக் கை நீண்ட இடத்தில் பஷீரா, வாயைத் திறந்தபடி, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் குஞ்சம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

நெகடிவை மேஜையில் வைத்து பஷீரா வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் குஞ்சம்மாள் படம் பார்க்க வந்தபோது, பஷீரா சிவப்பு மைக் குப்பியைத் திறந்து தூரிகையை நனைத்திருந்தாள். அரைச் சுவருக்கு மேலே எட்டி, "என்ன பண்றே நீ? அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கே!" என்று கத்தினேன்.

"அவரைத் தொடலை. அக்காவையும் தொடலை," என்றாள் பஷீரா. "என்னை மட்டும் எடுத்துடறேன். நாமக்கல் லாரி ஆபீசுல, டீக்கடையில, ஊரெல்லாம் தொங்கப் போற படம். அதுல நான் எதுக்கு, வாயைப் பொளந்துக்கிட்டு? நான் இருக்கிறது நல்லா இல்லை. குருவியைப் பாக்க விடாம கண்ணு என் மேலேயே போகுது."

அவள் சொன்னது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் கணக்கு அது. பார்வையை இழுக்கிற எதையும் எடுத்துவிட வேண்டும். அவளே இழுக்கிறாள், அவளை எடுத்துவிட வேண்டும். இவ்வளவு காலம் எத்தனையோ பேரை எடுத்த கை, தன்னை எடுக்கவும் தயங்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

குஞ்சம்மாள் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பாயம்மா, எங்க ஊட்டுக்காரரு இதுல உங்ககிட்டத்தானுங்களே பேசிட்டிருக்கறாரு? கையை நீட்டிக் காட்றாரு பாருங்க. உங்களை எடுத்துப்போட்டீங்கன்னா, அவரு வெறும் காத்துக்கிட்டப் பேசிட்டு உக்காந்திருப்பாரு."

பஷீராவின் தூரிகை நின்றது.

"போன படத்துக்குப் பொய்யன்னாங்க. இந்தப் படத்துக்குக் கிறுக்கன்னு சொல்லுவாங்க. ஸ்டுடியோ பாயம்மா எம் பரிசல்ல வந்தாங்கன்னு டீக்கடையில அதுக்குள்ள சொல்லிப்போட்டாருங்க. மனுசன் இன்னொருக்கா தேடித் தேடிக் காட்ட முடியாதுங்க."

முதலில் பஷீரா சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள். குஞ்சம்மாள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். நூல் எங்கே தெரிந்தது, கண்ணீர்தான் மறைத்ததே.

பஷீரா தூரிகையைத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தாள். குப்பியை மூடினாள். இருட்டறைக்குள்ளிருந்து ஜான் பாஷா குரல் கொடுத்தார்.

"டச்சிங் முடிஞ்சுதா? நாமக்கல்லுக்கு அனுப்பணும்."

"முடிஞ்சுதுங்க," என்றாள் பஷீரா. "இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லை."